ஹீட்டர் மாட்டும் கூலி ஹீட்டர் விலையையே நெருங்குகிறது: எதற்கெல்லாம் பணம் போகிறது?

#1 மேல்மாடி

வணக்கம். குளியலறைக்கு 25 லிட்டர், 2 கிலோவாட் ஸ்டோரேஜ் ஹீட்டர் வாங்க இருக்கிறோம். வீட்டில் நாலு பேர். அந்த இடத்தில் இதுவரை ஹீட்டர் இருந்ததில்லை, வெந்நீருக்கென்று தனிக் குழாயும் இல்லை. ஷவருக்கும் பக்கெட் குழாய்க்கும் வெந்நீர் வர வேண்டும்.

மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒருவர் ஹீட்டர் விலையில் பத்தில் ஒரு பங்கு சொல்கிறார். இன்னொருவர் கிட்டத்தட்ட ஹீட்டர் விலையையே சொல்கிறார். மூன்று தாளிலும் இருப்பது ஒரே வரிதான்: "ஹீட்டர் மாட்டும் வேலை, மெட்டீரியலுடன்". எது நியாயமான தொகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#2 குழாய்க்கணக்கு

அந்த மூன்று தாள்களை வைத்து யாராலும் ஒப்பிட முடியாது. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். குறைத்துச் சொன்னவர் மனதில் இருப்பது, சுவரில் ஆணி அடித்து ஹீட்டரைத் தொங்கவிட்டு இரண்டு ஹோஸை மாட்டி பிளக்கைச் செருகுவது. கூட்டிச் சொன்னவர் வெந்நீர்க் குழாய் இழுப்பது, டைல்ஸ் வெட்டுவது, தனி வயர் எல்லாவற்றையும் சேர்த்திருப்பார். முதலாமவர் வேலை தொடங்கியபிறகு "இதுக்குத் தனியா ஆகும் சார்" என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்.

ஆகவே மூன்று பேரையும் கூப்பிட்டு வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஹீட்டரைச் சுவரில் மாட்டுவது ஒரு வரி. தண்ணீர் இணைப்பு, அதாவது தண்ணீரை மூடித் திறக்கும் ஆங்கிள் வால்வு, மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் சேஃப்டி வால்வு, இரண்டு ஹோஸ், இன்னொரு வரி. ஹீட்டரிலிருந்து ஷவர் வரைக்கும் வெந்நீர்க் குழாய் எத்தனை மீட்டர், என்ன குழாய், எத்தனை எல்போ, டீ. வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் புதிதா, பழையதா. டைல்ஸ் உடைத்து ஒட்டுவது இருக்கிறதா இல்லையா. மின் வேலை முழுவதும் தனி. எந்த வரியில் தொகை பெரிதாக இருக்கிறதோ அங்கேதான் பேச்சுக்கு இடம்.

உங்கள் விஷயத்தில் பெரிய செலவு மிக்சரில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இப்போது ஷவருக்கு வருவது ஒற்றைத் தண்ணீர்க் குழாய். வெந்நீரும் தண்ணீரும் கலக்க வேண்டுமென்றால் சுவர் மிக்சர் வேண்டும். அதற்குச் சுவரில் இரண்டு முனைகள், மையத்துக்கு மையம் 150 மி.மீ. இடைவெளியில், ஒரே மட்டத்தில் வர வேண்டும். இரண்டாவது முனையைக் கொண்டுவர அந்த இடத்தில் டைல்ஸ் உடைத்தே தீர வேண்டும். அதே டைல்ஸ் நாலைந்து மீதம் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் மிக்சர் இருக்கும் பட்டையை மட்டும் வேறு நிறத்தில் போடத் தயாராகுங்கள்.

பக்கெட் குளியல் போதும் என்றால் டைல்ஸைத் தொடவே வேண்டாம். ஹீட்டரிலிருந்து குழாயைச் சுவருக்கு வெளியிலேயே கிளாம்ப் போட்டு இறக்கி, ஒரு தனி வெந்நீர்க் குழாய் வைத்துவிடலாம். செலவு வெகுவாகக் குறையும். வீட்டில் எல்லோருக்கும் ஷவர் தேவையா என்று முதலில் கேளுங்கள்.

#3 வயர்மேன்230

மின் பக்கம் நான் சொல்கிறேன். 2 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். இரண்டுக்குமே மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் மூன்று இழுக்க வேண்டும்: பேஸ், நியூட்ரல், எர்த். போர்டில், அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழுந்து அணைக்கும் 16 ஆம்பியர் எம்சிபி ஒன்று. குளியலறைக்கு வெளியே, கதவோரம், இண்டிகேட்டர் விளக்குடன் 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்ச். சாதாரண ஸ்விட்ச் பேஸை மட்டும் வெட்டும்; டபுள் போல் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும். ஹீட்டருக்கு அதுதான் சரி.

இத்தனைக்கும் மேலே, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. இதைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் உறை அரித்து ஓட்டை விழுந்தால் மின்சாரம் தண்ணீருக்குள் இறங்கும். நனைந்த உடம்போடு அதன் கீழேதான் நிற்கிறோம். எம்சிபி அந்தச் சின்னக் கசிவைப் பார்க்கவே பார்க்காது. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது விழும். மனித உயிரைப் பறிக்க அதில் ஆயிரத்தில் சில பங்கே போதும்.

#4 மேல்மாடி

இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். வாஷிங் மெஷினுக்காக வைத்த 16 ஆம்பியர் சாக்கெட் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதிலேயே செருகினால் வயர் செலவு மிச்சமாகாதா? அப்புறம், 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் சின்னது, விலையும் குறைவு. அதை வைத்தால் நிறுவும் செலவும் குறையுமா?

#5 கிலோகலோரி

இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்குப் போதும். லிட்டரை வெப்பநிலை உயர்வால் பெருக்கி 860-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் மின்சாரம் என்று வரும். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 25 × 35 ÷ 860, ஏறக்குறைய 1 யூனிட். 2 கிலோவாட் ஹீட்டர் அரை மணி நேரத்தில் அதைச் செய்யும்.

இப்போது இன்ஸ்டன்டைப் பாருங்கள். 3 கிலோவாட் காயில் ஓடும்போது நிமிடத்துக்கு 3 லிட்டர் திறந்தால் தண்ணீர் 14 டிகிரி ஏறும். 25 டிகிரித் தண்ணீர் 39 ஆகும், குளிக்கப் போதும். அந்த வேகத்தில் 15 லிட்டர் பக்கெட் நிரம்ப 5 நிமிடம். ஷவரோ நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும். அதே காயில் அப்போது 5 டிகிரிதான் ஏற்றும். உள்ளே சூடாகி நின்ற 3 லிட்டர் தீர்ந்ததும் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். ஷவர் வேண்டுமென்றால் இன்ஸ்டன்ட் உங்களுக்கு ஆகாது. நிறுவும் செலவிலும் வித்தியாசம் வராது. 13 ஆம்பியர் இழுப்பதால் அதே வயர், அதே எம்சிபி, அதே ஆர்சிசிபிதான் வேண்டும். சுவரில் சுமை மட்டும் குறையும்.

25 லிட்டர் போதுமா என்பதையும் பார்த்துவிடலாம். 60 டிகிரி வெந்நீர் 25 லிட்டரை 25 டிகிரித் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியாக்கினால் கணக்குப்படி 58 லிட்டர். தொட்டிக்குள்ளேயே பச்சைத் தண்ணீர் கலந்துகொண்டிருப்பதால் கையில் கிடைப்பது 45 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டில் குளித்தால் இரண்டு மூன்று பேருக்கு வரும். ஷவரில் ஒருவருக்கு ஐந்தாறு நிமிடம். அடுத்தவர் அரை மணி காத்திருக்க வேண்டும். காலையில் நாலு பேரும் அடுத்தடுத்து ஷவரில் குளிப்பார்கள் என்றால் 3 கிலோவாட் எடுங்கள். காத்திருப்பு 20 நிமிடமாகும், வயர் மாறாது.

#6 வயர்மேன்230

சாக்கெட் விஷயம். அந்த சாக்கெட்டுக்கு வரும் வயர் என்ன அளவு என்று கவரைக் கழற்றிப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. 16 ஆம்பியர் சாக்கெட் இருப்பதாலேயே பின்னால் 2.5 வயர் இருக்கிறது என்று அர்த்தமில்லை; 1.5 வயரில் 16 ஆம்பியர் சாக்கெட் மாட்டியிருப்பது எல்லா இடத்திலும் கிடக்கிறது. வயர் சரியாகவே இருந்தாலும் வாஷிங் மெஷினும் ஹீட்டரும் ஒரே லைனில் ஒரே நேரத்தில் ஓடினால் எம்சிபி விழக்கூடும். விழாமல் இருக்க யாராவது பெரிய எம்சிபி மாட்டுவார்கள். அன்றைக்கு எம்சிபிக்குப் பதில் வயர் உருகும்.

பிளக், சாக்கெட் வழியாக ஹீட்டரை ஓட்டுவதில் இன்னொரு கெடுதல். ஹீட்டர் ஓடி நிற்கும்போதெல்லாம் பிளக், சாக்கெட்டில் உள்ள திருகுகள் சூடாகி ஆறி, விரிந்து சுருங்கி மெல்லத் தளரும். தளர்ந்த ஒரு முனையில் 0.1 ஓம் தடை வந்தால்கூட 13 ஆம்பியரில் 17 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் உட்காரும். சின்ன சால்டரிங் அயர்ன் அளவுக்கு. பிளக்கின் ஒரு முள் மட்டும் பழுப்பாகி, பக்கத்துப் பிளாஸ்டிக் குமிழ் விட்டிருப்பதைக் கண்டால் காரணம் இதுதான். தனி லைன் இழுத்து, டபுள் போல் ஸ்விட்சிலிருந்து கனெக்டர் வழியாக நேரே ஹீட்டர் டெர்மினலுக்குக் கொண்டுபோங்கள். வயர் செலவை மிச்சம்பிடிக்கும் இடம் இது இல்லை.

#7 செங்கல்_சிமெண்ட்

சுவர் என்ன சுவர் என்று ஒருவரும் கேட்கவில்லையே! 25 லிட்டர் ஹீட்டர் தண்ணீரோடு 35 கிலோவுக்கு மேல் வரும். கெட்டியான செங்கல் சுவரோ கான்கிரீட்டோ என்றால் ஹீட்டரோடு வரும் ஆங்கர் போல்ட் போதும். ஹாலோ பிளாக்கோ எடை குறைந்த ஏஏசி பிளாக்கோ என்றால் விரியும் ஆங்கர் பிடிக்காது. முறுக்க முறுக்க உள்ளே பொடிந்துகொண்டே போகும். அங்கே சுவரை ஊடுருவி அந்தப் பக்கம் இரும்புப் பட்டை வைத்து நட்டு போட்டு முறுக்க வேண்டும், இல்லையென்றால் துளைக்குள் பசை செலுத்தி இறுக வைக்கும் கெமிக்கல் ஆங்கர். தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுத் துளையிடுங்கள்.

டைல்ஸின் மேல் துளை போட முதலில் டைல்ஸ் பிட், ஹேமர் அணைத்து, மெதுவாக. பீங்கான் தாண்டியபிறகுதான் ஹேமர். டைல்ஸ் ஓரத்தில் துளை போட்டால் விரிசல் ஓடும்.

ஹீட்டருக்குக் கீழே இடம் விடுவதை மறந்துவிடுகிறார்கள். செங்குத்து மாடலில் காயிலும், தொட்டி அரிக்காமல் காக்கும் ஆனோடு ராடும் அடியிலிருந்துதான் வெளியே வரும். அவற்றின் நீளத்துக்கு இடம் இல்லையென்றால் ஒவ்வொரு சர்வீசுக்கும் ஹீட்டரையே கழற்றி இறக்க வேண்டும். பால்ஸ் சீலிங்குக்குள் மறைத்து வைப்பவர்கள் கை நுழையும் அளவுக்கு ஒரு கதவு வைக்கட்டும்.

#8 குழாய்க்கணக்கு

குழாயைப் பற்றி இன்னும் கொஞ்சம். வெந்நீர்ப் பக்கம் வெள்ளை பிவிசி வேண்டாம். 60 டிகிரியில் அது இளகி, தொய்ந்து, ஒட்டிய இடத்தில் கழன்றுகொள்ளும். வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்களான சிபிவிசி, பிபிஆர், அல்லது செம்பு, இவற்றில் ஒன்று. சிபிவிசி என்றால் பிளாஸ்டிக் திரெட்டை நேராக ஹீட்டர் முனையில் முறுக்கக் கூடாது. பித்தளைத் திரெட் வைத்த பிட்டிங் வாங்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் திரெட் அன்றைக்கு ஒழுகாது, சில மாதத்தில் மயிரிழை விரிசல் விட்டு ஒழுகும். சால்வென்ட் ஒட்டிய உடனே தண்ணீரைத் திறந்துவிடுவதும் தவறு. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய வேண்டும்.

ஹீட்டரைக் குளியலறையிலேயே வையுங்கள், பக்கத்து பால்கனியிலோ மாடியிலோ வேண்டாம். 15 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் மீட்டருக்கு 0.18 லிட்டர் தண்ணீர் நிற்கும். 10 மீட்டர் தள்ளி வைத்தால் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 2 லிட்டர் ஆறிய தண்ணீர் வெளியேறியபிறகே சூடு வரும். குளித்து முடித்ததும் அதே 2 லிட்டர் வெந்நீர் குழாயில் நின்று வீணாகும்.

சேஃப்டி வால்வு பெட்டிக்குள்ளேயே வந்திருக்கும். குளிர் நீர் நுழையும் முனையில், அம்புக்குறி ஹீட்டரைப் பார்க்க, மாட்ட வேண்டும். அதற்கும் ஹீட்டருக்கும் நடுவே எந்த அடைப்பு வால்வும் இருக்கவே கூடாது. யாராவது அதை மூடிவிட்டால் அழுத்தம் வெளியேற வழி இல்லை. ஆங்கிள் வால்வு சேஃப்டி வால்வுக்கு முன்னால்தான்.

#9 சொட்டுநீர்

சேஃப்டி வால்வு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. "புது ஹீட்டர் ஒழுகுது" என்று வரும் புகார்களில் நிறைய இந்த வால்வின் பக்கவாட்டு மூக்கிலிருந்து சொட்டுவதுதான். அது பழுது இல்லை. 25 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 350 மில்லி பெருகும். ரிட்டர்ன் போக விடாமல் வால்வு தடுத்திருப்பதால் பெருகியது வால்வின் மூக்கு வழியாக வெளியே வருகிறது. ஒரு மெல்லிய டியூப் செருகி தரைக்குக் கொண்டுபோய் விடுங்கள். அதை எம்சீல் வைத்து அடைப்பதும் மூடி போட்டு முறுக்குவதும் தொட்டியையே வெடிக்க வைக்கும் வேலை.

ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் நாள் முழுக்க ஒழுகினால் அது வேறு. வால்வுக்குள் மணல் சிக்கியிருக்கும், அல்லது வரும் அழுத்தமே அதிகம். தலைக்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் 1 பார். இருபது மாடிக் கட்டடத்தின் கீழ் வீட்டில் 6 பார் வரை வரும். அங்கே 8 பார் தாங்கும் ஹீட்டரும், முன்னால் 3 பாருக்கு இறக்கும் பிரஷர் ரெடியூசிங் வால்வும் வேண்டும். உங்கள் பெயரே மேல்மாடி என்பதால் தொட்டி கிட்டத்தில் இருக்கும், இந்தச் செலவு வராது என்று நினைக்கிறேன்.

#10 உப்புத்தண்ணி

நிறுவும் செலவை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். என்ன தண்ணீர் என்பதுதான் ஹீட்டர் எத்தனை வருடம் வரும் என்பதைத் தீர்மானிக்கும். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் காயில்மேல் சுண்ணாம்பு படியும். படிந்த சுண்ணாம்பு வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாது. உள்ளே காயில் அளவுக்கு மீறிச் சூடாகி எரியும். ஸ்விட்ச் போட்டதும் உள்ளே பொரிவது போலச் சத்தம் கேட்டால் படிவு ஏறிவிட்டது.

ஆனோடு ராடு என்பது மக்னீசியம் குச்சி. தொட்டியின் இரும்பு அரிக்காமல் இருக்கத் தன்னை அரிக்கக் கொடுக்கும் பொருள். உப்புத் தண்ணீரில் அது வேகமாகக் கரையும். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். விரல் தடிமனில் இருந்தது பாதியாகி, நடுவில் கம்பி தெரிய ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டும். குச்சியின் விலை ஹீட்டர் விலையில் சின்னத் துண்டு. அது தீர்ந்ததும் அரிப்பு தொட்டிக்குத் திரும்பும், தொட்டி ஓட்டையானால் ஒட்டுப்போட முடியாது. மாட்டும்போதே ஆனோடு கழற்ற வருகிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

சூடு அதிகமானால் படிவும் அதிகம். சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வைத்தால் காயிலுக்கு நல்லது, மின்சாரமும் மிச்சம்.

#11 கிலோகலோரி

50 பற்றி ஒரு மறுப்பு. 20-லிருந்து 45 டிகிரி வரையான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். அதன் நீர்த்துளி மூச்சில் போனால் நுரையீரல் காய்ச்சல் வரும். தெர்மோஸ்டாட் 50 என்று காட்டினாலும் தொட்டியின் அடிப்பகுதி அதைவிடக் குறைவாக இருக்கும். 60-ல் வைத்துத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஓட்டுவதே சரி. 60 டிகிரி நீர் சில நொடியில் தோலைப் பொசுக்கும், ஆகவே குழந்தைகள் உள்ள வீட்டில் வெந்நீரை நேராகத் திறக்காமல் மிக்சர் வழியே கலந்தே எடுக்க வேண்டும்.

ஓட்டும் செலவுக்கும் ஒரு கணக்கு: நாலு பேர், ஆளுக்கு 40 டிகிரியில் 20 லிட்டர், 80 × 15 ÷ 860, நாளைக்கு 1.4 யூனிட். வருடம் முழுக்க ஓட்டினால் 500 யூனிட் பக்கம், தொட்டியிலிருந்து கசியும் வெப்பம் தனி. ஷவர் என்றால் இதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டணத்தால் பெருக்கினால் எந்த வருடத்தில் மின்கட்டணம் ஹீட்டர் விலையைத் தாண்டும் என்று தெரியும்.

#12 உப்புத்தண்ணி

ஏற்றுக்கொள்கிறேன். 60-ல் வையுங்கள், காயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

#13 கூரைச்சூரியன்

500 யூனிட் என்று பார்த்ததும் சோலார் பக்கம் மனம் போனால் ஒன்றைக் கவனியுங்கள். அழுத்தமில்லாத சோலார் ஹீட்டருக்கு, தண்ணீர்த் தொட்டியின் அடி சோலார் தொட்டியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். பெரும்பாலான மாடிகளில் அப்படி இருப்பதில்லை. தொட்டியை உயர்த்த மேடை கட்டும் செலவு மதிப்பீட்டில் வராமல் கடைசியில் வரும். காற்றுக் குழாயும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் நிற்க வேண்டும். அதற்கப்புறம் மாடியிலிருந்து கீழே வரை வெப்பக் காப்பு சுற்றிய குழாய். ஒரு குளியலறைக்காக மட்டும் இது தாங்காது. வீடு முழுக்க வெந்நீர்க் குழாய் ஏற்கெனவே இருந்தால் தாங்கும்.

காஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. காஸ் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும், அதற்கு மணமும் இல்லை.

#14 மேல்மாடி

மூன்று பேரும் வரிவரியாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் சொன்னதுதான்: குறைவாகச் சொன்னவர் தாளில் மின் வேலையும் மிக்சரும் இல்லவே இல்லை. அவற்றைச் சேர்த்ததும் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

#15 குழாய்க்கணக்கு

ஸ்விட்சைத் தொடும் முன் வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுத் தண்ணீரை விடுங்கள். முதலில் காற்று துப்பும், விட்டுவிட்டு வரும், பிறகு சீராக வரும். சீரான பிறகும் ஒரு நிமிடம் ஓடட்டும். தொட்டி நிரம்பாமல் ஸ்விட்ச் போட்டால் காயில் காற்றில் காய்ந்து உடனே எரியும். எந்த வாரன்டியும் அதற்கு வராது.

பிறகு ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு பேப்பரில் தெரியும். சூடானபிறகு இதையே இன்னொரு முறை செய்ய வேண்டும், குளிரில் ஒழுகாத மூட்டு சூட்டில் ஒழுகும்.

வெந்நீர் ஒரு நிமிடத்திலேயே வெதுவெதுப்பாகிவிட்டால் இரண்டு ஹோஸும் இடம் மாறியிருக்கின்றன. வெந்நீரை எடுக்கும் குழாய் தொட்டியின் உச்சி வரை உள்ளே நீண்டிருக்கும். மாற்றி மாட்டினால் பச்சைத் தண்ணீர் உச்சியில் விழுந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். நீலம் நுழைவு, சிவப்பு வெளியேற்றம்.

#16 வயர்மேன்230

மீட்டரை வைத்து டெர்மினலில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட் மட்டும். இரண்டாவது அளவு குறைந்தால் எர்த் சரியில்லை, வேலை முடியவில்லை. மீட்டர் சரியாகக் காட்டுவதாலேயே எர்த் பலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஆகவே எர்த் டெஸ்டரில் தடையையும் அளக்கச் சொல்லுங்கள். கடைசியாக ஹீட்டர் ஓடும்போது ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை நீங்களே அழுத்துங்கள். டப் என்று விழ வேண்டும். அந்தப் பட்டனை மாதத்துக்கு ஒருமுறை அழுத்த வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள்.

#17 செங்கல்_சிமெண்ட்

அவர்கள் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன், தண்ணீர் நிரம்பிய ஹீட்டரின் மேல்விளிம்பு சுவரை ஒட்டும் இடத்தில் சுவர்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஹீட்டர் கோட்டிலிருந்து விலகியிருந்தால் ஆங்கர் இழுபட்டு வருகிறது. ஆங்கிள் வால்வை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு அவர்களைக் கூப்பிடுங்கள்.